கோபத்தில் வரும் ‘ங்க’

“சண்டை போடறப்ப அந்த மாமியாக்காரி ‘போடி’ங்கறா. இவ எந்த ஊர்க்காரியாம்?”

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில், எனக்குப் பின் சீட்டில் இரண்டு பெண்கள் முந்தின நாள் சீரியலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். இப்படிக் கேட்டவர் மடியில் முட்டை அட்டை வைத்திருந்தார்.

“திருச்செங்கோட்டுக் குடும்பம்னுதானக்கா காட்டறாங்க? பேச்செல்லாம் நம்மளாட்டமேதான இருக்குது,” என்றார் மற்றவர்.

“என்ன நம்மளாட்டம்? சிரிச்சுப் பேசறப்ப வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடறா, கோவம் வந்தா உட்டர்றா. நமக்குக் கோவம் வந்தாத்தான புள்ள ‘ங்க’ அழுத்தமா வரும்! எங்க மாமியா ‘வா சாமி’ன்னா ஒண்ணுமில்ல. ‘வாங்க’ன்னு கூப்புட்டா அன்னைக்கு எனக்குச் சோறு எறங்காது. இது தெரியாதவன் எதுக்கு நம்ம பேச்சை எழுதறான்?”

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பின்னால் திரும்பினார். “ஏம்மா, ஒரு நாடகத்துக்கு இத்தனை சத்தமா? வாயை மூடிட்டு வா.”

அந்த அம்மாள் முட்டை அட்டையைத் தோழியிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நீங்க முன்னால பாத்து உக்காருங்க.”

சேலம் வரும் வரை என் பக்கத்துக்காரர் கழுத்தைத் திருப்பவே இல்லை.