நாகலெட்சுமி ஊற்றிய தண்ணீர்

மீன் வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது சார். சிக்கல் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்தவன். பாம்பன் கடற்கரையில் முதலுதவிப் பயிற்சி என்று டாக்டர் சொன்னபோது நான் தயங்கியது அதனால்தான். முன்கூட்டியே திட்டம் போட்டேன் என்று யதுர்ஷன் தங்கை கீர்த்தனி ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொல்லியிருப்பாள். திட்டம் எதுவும் இல்லை.

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாக உதவியாளன். ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது, டாக்டர் வரும்வரை ஆளை உயிரோடு வைத்திருப்பது. என் அய்யாவும் அம்மாவும் மிளகாய் பறித்துவிட்டு வந்தால் சோற்றில் கை வைக்க முடியாது; அப்படி எரியும். கரண்டியால் தின்பார்கள். நான் படித்து மேலே வந்தேன். சோணைமுத்து என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை, சின்ன டாக்டர் என்கிறார்கள். அது போய்விட்டால் எனக்கு மறுபடியும் அந்தக் காடுதான்.

யதுர்ஷன் மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து வேலைக்கு வந்தவன். நல்லவன்தான். சேர்ந்த மூன்றாம் மாதம் என்னிடம் மட்டும் ஒன்று சொன்னான். தனக்கு வலிப்பு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறான், டாக்டருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. என் குணம் உங்களுக்கு இதிலேயே தெரியும்.

கார்த்திகை மாதம் பூமயில் என்ற அம்மா காய்ச்சலோடு வந்தார். வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சில ஊசிகளைத் தோலில் துளி ஏற்றி, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்த பிறகுதான் முழுதாகப் போட வேண்டும். நான் பார்க்காமல் போட்டுவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் மினிபஸ்ஸிலேயே அந்த அம்மா முடிந்துபோனார். மாரடைப்பு என்று எடுத்து அடக்கினார்கள். சோதித்துப் பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதினேன். எழுதும்போது யதுர்ஷன் என் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

ஒரு வாரம் அவன் வாய் திறக்கவில்லை. பேசுகிறவனைச் சமாளித்துவிடலாம், பேசாதவனை நம்பக் கூடாது. அவன் போனை எடுத்தால் நான் பக்கத்தில் போய் நிற்பேன். அவன் வெளியே போய்விடுவான். டாக்டர் அறைக்குள் அவன் போனால் நான் கதவோரம் நின்று பஞ்சு வெட்டுவேன். கடைசியில் அவனே வந்தான்.

"அண்ணை, நீங்களே டொக்டரிட்டச் சொல்லுங்கோ. திங்கள் வரைக்கும் பார்ப்பன். பிறகு நான் சொல்லத்தான் வேணும்."

"நானே சொல்றேன்டா," என்றேன்.

அந்தத் திங்களுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, பாம்பன் பயிற்சி. கருவாடு காயப்போடும் பெண்களுக்கு. காயம், தீப்புண், மூச்சுத் திணறல் எல்லாம் முடித்தோம். வலிப்பை டீக்குப் பிறகு எடுப்பதாக இருந்தோம். டீ குடிக்கும்போது யதுர்ஷன் கிளாஸோடு மணலில் விழுந்தான். வெட்டி வெட்டி இழுத்தது. அவன் மாத்திரையை நான் தொடவில்லை. நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது, அதனால் சொல்கிறேன்.

கருவாட்டு வியாபாரம் செய்யும் நாகலெட்சுமிதான் முதலில் ஓடி வந்தாள்.

"ஏலே, என்னத்த வேடிக்க பாக்குறீக. கையில இரும்பக் குடுங்க."

"சின்ன டாக்டருதான் இங்கன இருக்காருல்லக்கா. அவரு பாப்பாரு," என்றாள் கூட நின்ற ஒருத்தி.

"அவரு பாக்கட்டும். நீ மொதல்ல சாவியக் குடுடி."

நான் என் பைக் சாவியை எடுத்துக் கொடுத்தேன். இரும்பால் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. ஆளை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், நினைவு திரும்பும்வரை வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அந்த இடத்தில் இது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தன் கீழே கிடந்தான்.

இழுப்பு நின்றது, நினைவு வரவில்லை. மல்லாக்கக் கிடந்தான். நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"தண்ணி குடுக்கட்டா தம்பி? நாக்கு வறண்டு கெடக்கு புள்ளைக்கு," என்று நாகலெட்சுமி என்னைக் கேட்டாள்.

"கொஞ்சமா ஊத்துங்கக்கா," என்றேன்.

யாரோ எடுத்த வீடியோவில் காற்று இரைச்சல்தான் கேட்கிறது, நான் சொன்னது கேட்காது. அவள் செம்பைச் சாய்ப்பது மட்டும் தெளிவாகத் தெரியும். ஊரே அவளைத்தான் ஏசியது. அவன் தங்கை கீர்த்தனிதான் அதை ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறாள். என் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டாள்.

"எங்கட அண்ணா ஒரு பக்கமாத் திரும்பப் பார்க்கிறான். நெற்றியில இருக்கிறது ஆருடைய கை?"

என் கைதான் சார். தண்ணீர் போனதும் இருமிக்கொண்டு இடப்பக்கம் திரும்பினான். நான் நெற்றியைப் பிடித்து நேராக்கினேன். மறுபடியும் திரும்பினான், மறுபடியும் நேராக்கினேன். அதற்குப் பிறகு அவன் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

நாகலெட்சுமியை விட்டுவிடுங்கள், அவள் கேட்டுத்தான் ஊற்றினாள். எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு புதுமடத்தில் நாற்பது பெண்கள் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் மட்டும் அனுப்பினால் போய்விட்டு வந்துவிடுகிறேன். உயிர் விஷயம் சார், பொறுப்பில்லாத ஆளை அங்கே அனுப்பிவிடக் கூடாது.