ஹாலின் நடுவில் இருந்த தூண்

— ஆபீசர் வர்ற நேரத்துல பீரோவை எதுக்குங்க நகர்த்தறீங்க?

— பேசாம அந்த மூலையைப் பிடி. தூக்காத, தள்ளு.

— விரிசலை மறைக்கத்தானே?

— விரிசலாம் விரிசல். பூச்சு வெடிச்சிருக்கு, அவ்வளவுதான். வெயிலுக்கு எந்தச் சுவரும் வெடிக்கும்.

— போன மாசம் நீங்களே சிமெண்ட் வச்சு அடைச்சீங்க. இப்ப என் விரல் உள்ள போகுது.

— விரலை வைக்க உனக்கு வேற இடமே கிடைக்கலையா? இங்க பாரு, அவர் எதுக்கு வர்றார்? ஹால்ல நான் ஆபீஸ் நடத்தறேன்னு சொல்லிக் கடை வரியைத் தலையில கட்டிட்டாங்க. இது வீடுதான்னு அவர் கண்ணால பாக்கணும். ஹாலைக் காட்டறோம், டீயைக் கொடுக்கறோம், அனுப்பறோம். மாடிப் பக்கம் கூட்டிட்டுப் போயிடாத.

— மேல பாப்பா தூங்கறா. ஆஸ்பத்திரியில நைட் டூட்டி பாத்துட்டு இப்பத்தான் வந்து படுத்தா.

— ரொம்ப நல்லதாப் போச்சு. புள்ள தூங்குதுன்னு சொல்லிரு. எல்லாம் உன்னால வந்த வினை. நான் பேசாம கட்டித் தொலைச்சிருப்பேன். அப்பீல் போடு, அப்பீல் போடுன்னு என் காதைத் தின்னுட்ட.

— பெல் அடிக்குது.

— முகத்தைத் துடை. பேயைப் பாத்தவ மாதிரி நிக்காத.

— வணக்கம். வீட்டு வரி அப்பீல் விஷயமா வந்திருக்கேன். மேஸ்திரி வீடு இதானே?

— இதேதான் சார், வாங்க வாங்க. நானே கட்டினது. ஒரு செங்கல்லைக்கூட வேற எவனும் தொட்டதில்ல. முப்பது வருஷத் தொழில் சார்.

— நல்லது. இந்தக் கதவு ஏன் தரையில உரசுது?

— மழைக்கு ஊறியிருக்கும். மரம்தானே சார்.

— மழை பெஞ்சு மாசக்கணக்காச்சுங்க.

— நீ போய் டீ போடு. சார், இதான் அவங்க சொல்ற கடை. ஒரு மேசை, ரெண்டு நாற்காலி. வீடு கட்டணும்னு யாராவது வந்து உக்காந்து பேசிட்டுப் போனா, அது கடையாயிடுமா? நீங்களே சொல்லுங்க.

— கடையாத் தெரியல. அதை எழுதிடறேன். அளந்துக்குவோம், டேப்போட அந்த நுனியைப் பிடிங்க. இன்னும் கொஞ்சம் தள்ளி, மேசைகிட்ட நில்லுங்க. ம்... கொஞ்சம் இருங்க. எங்க பழைய பிளான்ல இந்த இடத்துல ஒரு தூண் இருக்கே?

— அதுவா? இடைஞ்சலா இருந்துச்சு சார். எடுத்துட்டேன். நாலு பேர் வந்தா ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது.

— மேல ஒரு மாடி நிக்குது. அதை எது தாங்குது?

— பீம் இருக்கு சார். தாராளமாத் தாங்கும்.

— எப்ப எடுத்தீங்க?

— போன வருஷம்.

— இந்தக் கதவு உரச ஆரம்பிச்சது?

— அதுக்கப்புறந்தான் சார். மொதல்ல கதவு. அப்புறம் சமையல்கட்டு ஜன்னல் சாத்த வரல. அப்புறம்...

— ஏய், உன்னையா கேட்டாரு?

— அவங்க சொல்லட்டும் மேஸ்திரி. இந்தப் பேனாவைத் தரையில வைக்கறேன், பாருங்க.

— உருளுது சார்.

— தானாவே உருளுது. நான் வரி ஆபீசுக்கு வர்றதுக்கு முன்னால பாலம் கட்டற வேலையில இருந்தவன். உண்மையச் சொல்லுங்க, சுவர்ல எங்கயாவது விரிசல் விட்டிருக்கா?

— இல்லவே இல்ல சார்.

— பீரோவுக்குப் பின்னால பாருங்க சார்.

— அட, அது வெறும் பூச்சு சார்! இவ ஒருத்தி...

— நகர்த்துங்க.

— நீங்க வரிக்குத்தானே வந்தீங்க?

— நகர்த்துங்க மேஸ்திரி. இது பூச்சு இல்லைன்னு என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். செங்கல்லே பிளந்து கிடக்கு. மேல எதுவரைக்கும் போகுது இது?

— மாடி ரூம் வரைக்கும் சார். எம்பொண்ணு இப்பத் தூங்கற கட்டிலுக்குப் பக்கத்துல போய் முடியுது. விளக்கை அணைச்சுட்டுப் படுத்தா, காஞ்ச குச்சி ஒடியற மாதிரி சத்தம் கேக்கும். இவரைக் கேட்டா எலின்னு சொல்வாரு.

— எலிதான்.

— எலி சுவத்துக்குள்ள எப்படிங்க ஓடும்?

— ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்க. மூச்சுகூட விடாதீங்க... கேட்டுச்சா?

— கேட்டுச்சு.

— எனக்கு ஒண்ணும் கேக்கல.

— உங்க தோளைப் பாருங்க மேஸ்திரி. வெள்ளையா, மாவு மாதிரி. இப்ப விழுந்தது அது.

— சார், சார், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அப்பீலே வேணாம். கடைன்னே எழுதிக்கங்க, என்ன வரி போட்டாலும் வாயைத் திறக்காமக் கட்டறேன். இதை மட்டும் எழுதிடாதீங்க. மேஸ்திரி சொந்த வீடே பொளந்து நிக்குதுன்னு தெரிஞ்சா, நாளைக்கு எவன் என்னை நம்பி ஒரு குட்டிச்சுவர் கட்டச் சொல்லுவான்?

— மாடியில இருக்கிற பொண்ணை முதல்ல எழுப்பிக் கூட்டிட்டு வாங்க. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. சுவரோரமா, மெல்ல.

— நான் போறேன்.

— நீ இரு. நான் போயிட்டு வர்றேன்.

— நீங்க கனமா இருக்கீங்க. நான்தாங்க போகணும். விடுங்க கையை.

— அம்மா போகட்டும். நீங்க வெளிய வாங்க மேஸ்திரி. அந்த பீமுக்குக் கீழ நிக்காதீங்க.

— அவளுக்கு முட்டி வலி சார், படி ஏறவே யோசிப்பா... ஏய், கேக்குதா? திரும்பற இடத்துல இருக்கிற படியை மிதிக்காத! அது ஆடும்!

— ஆடும்னு தெரிஞ்சா வச்சிருந்தீங்க?

— தெரியும் சார். எல்லாம் தெரியும். ஜாக்கி வச்சு பீமைத் தூக்கி, முட்டுக்கொடுத்து, பழையபடி தூணை எழுப்பிடணும்னு தினமும் நினைப்பேன். ஒத்தை ஆளாச் செய்யற வேலையா அது? நாலு பேரைக் கூப்பிடணும். கூப்பிட்டா சிரிப்பானுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னே... ஏன் சார் இன்னும் வரல?

— தூக்கக் கலக்கமா இருக்கும்.

— சத்தமே இல்லையே. பாப்பா! ஒண்ணையும் தேடிட்டு நிக்காத, அப்படியே வா!

— கத்தாதீங்க. அதோ, படியில கால் தெரியுது. ரெண்டு பேரும் வர்றாங்க.

— பாத்து... பாத்து... அதை மிதிக்காத... ஆங், தாண்டு. வாங்க, வாங்க. ரோட்டுக்கு வாங்க. இன்னும் தள்ளி. பாப்பா, ஒண்ணும் கேக்காத இப்ப. அம்மா கையைப் பிடிச்சுக்கோ.

— எல்லாரும் இங்கயே நில்லுங்க, பழைய பாலம் வேலை ஆளுங்களைக் கூப்பிடறேன். ஹலோ, நான்தான் பேசறேன். முட்டுக்கொடுக்க ஆளும் ஜாக்கியும் வேணும். இப்பவே. ஆமா, வீட்டுல இருந்தவங்களை வெளிய எடுத்தாச்சு. இல்ல, இன்னும் விழல... இருங்க, இருங்க.

— ஐயோ, என்னங்க அது, உள்ள ஏதோ விழுந்த சத்தம்?

— விடு, நான் பாத்துட்டு வர்றேன்.

— உள்ள போகாதீங்க மேஸ்திரி! வாசல்ல நின்னே தெரியுது. பீம் பக்கத்துல சீலிங் பேத்துக்கிட்டு வந்திருக்கு. மேசை அப்படியே மடங்கிக் கிடக்கு.

— மேசையா?

— நீங்க டேப்பைப் பிடிச்சிட்டு நின்ன இடம்.

— ...எழுதிக்கங்க சார். தூணை எடுத்தது நான்தான்னு எழுதிக்கங்க. பெருசாவே எழுதிக்கங்க.

— அதெல்லாம் அப்புறம். முதல்ல உக்காருங்க. அம்மா, இவரைப் பாத்துக்கங்க. நான் பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வந்துடறேன்.

— சரிங்க சார்.

— இந்தா, இங்க பாரு.

— சொல்லுங்க.

— வரியைக் குறைக்கணும்னு நீ மட்டும் அப்படி மல்லுக்கட்டலேன்னா, இந்த மனுஷன் இன்னிக்கு நம்ம வாசல் ஏறியிருக்கவே மாட்டாரு. என்னா கஞ்சத்தனம் புடிச்சவள்னு உன்னை எவ்வளவு திட்டினேன்.

— வரியை நோட்டீஸ் வந்த அன்னிக்கே முழுசாக் கட்டிட்டேங்க. சுவரைப் பாக்க ஒரு ஆளை உள்ள கொண்டுவர எனக்கு வேற வழி தெரியல.