இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் ஏழு

மூச்சு வாங்க வைக்கும் வடமலையை நாற்காலியில் அமர்ந்தபடியே ஆண்டுகொண்டிருக்கும் அவைத்தலைவர் அவர்களே! காடு காக்கக் கார் ஏறி வந்திருக்கும் கனவான்களே! அடிவாரத்துப் பெரியோர்களே! காலையிலிருந்து கால்கடுக்க நிற்கும் என் தாய்மார்களே! இந்த வனக்காவலனின் வணக்கம்.

பின்னால் தொங்கும் பதாகையைப் படித்தீர்களா? "பனிச்சிறுத்தைகள் ஏழிலிருந்து பதினான்கு!" ஆகா! ஒரே ஆண்டில் இரட்டிப்பு! பெற்ற சிறுத்தைக்கே தெரியாத பிரசவம், வன அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கிறது!

எப்படி நடந்தது இந்த அதிசயம்? சிறுத்தை நடக்கும் தடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு கேமராக்கள் வைப்போம். அதன் இடது விலாவின் புள்ளிகள் வேறு, வலது விலாவின் புள்ளிகள் வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்தால்தான் அது ஒரே விலங்கு என்று தெரியும். சென்ற குளிர்காலத்தில், ஒவ்வொரு தடத்திலும் ஒரு கேமராவைக் கழற்றிவரச் சொன்னார்கள். எதற்கு? அலுவலகக் கார் நிறுத்துமிடத்தைக் காவல் காக்க! கார்களுக்கு இரண்டு விலாவும் பதிவாகின்றன, சிறுத்தைக்கு ஒன்றுதான்.

யாரப்பா அங்கே சிரிப்பது? மெல்லச் சிரியுங்கள், கார்க்காரர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

படங்களைப் பிரிக்கும் அறைக்குப் போனேன். கணினி அதிகாரி திரையைக் காட்டினார். "இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் ஏழு. மொத்தம் பதினாலு."

"சார், போன வருஷ ஜோடிப் படத்தோட வெச்சுப் பாருங்க. அதே ஏழுதான் சார். ஏறும்போது ஒரு பக்கம் விழுந்திருக்கு, இறங்கும்போது மறுபக்கம் விழுந்திருக்கு."

"அது உனக்கும் எனக்கும் தெரியும்யா. அறிக்கை தயாராயிடுச்சு. இப்பப் போய் குட்டையைக் குழப்பாதே."

ஏழு பதினான்கானால் யாருக்கென்ன நட்டம் என்கிறீர்களா? எண்ணிக்கை பெருகிவிட்டது, இனித் தாங்கும் என்று சொல்லித்தான், அவை குட்டி போடும் பாறைச்சரிவின் குறுக்கே சாலை வெட்டப் போகிறார்கள்! சிறுத்தை போனால் மலையாடு பெருகும்; மலையாடு பெருகினால் புல் போகும்; புல் போனால் மண் சரியும்; சரிகிற மண் யார் வீட்டில் வந்து விழும், தாய்மார்களே? காட்டைக் காப்பது இவர்கள் பேச்சு. காட்டைக் கீறுவது இவர்கள் மூச்சு! ஒரு சிறுத்தையை இடமும் வலமுமாய் அறுத்து இரண்டாக்கிய வித்தகர்களே, சாலைக்காக நீங்கள் பாறைக்கு வைக்கும் வெடியில் வலப்பக்கச் சிறுத்தை செத்தால், இடப்பக்கச் சிறுத்தை பிழைத்துக்கொள்ளுமா?

காலையில் என் மனைவி கேட்டாள், "வேலை போயிடாதாங்க?"

"போகும்."

"அப்ப நல்லா சத்தமாவே பேசிட்டு வாங்க."

மணி அடிக்காதீர்கள் ஐயா, முடித்துவிடுகிறேன். காவலனின் கையெழுத்து இல்லாமல் அந்த அறிக்கை செல்லாது. அதற்காகத்தானே என்னை மேடையேற்றினீர்கள்? வரவேற்புரையில் நீங்கள் ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டிருந்த நேரத்தில், அறிக்கையில் இருந்த பதினான்கை அடித்துவிட்டேன். ஏழு என்று எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன். இனி அந்த எண்ணோடு சாலைக்கு அனுமதி கேட்டுப் பாருங்கள்!

பொறுமையாய்க் கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. பொறுக்க முடியாமல் கேட்ட முன்வரிசைக்கும் நன்றி. வணக்கம்!