வீட்டு மண் கரைத்த பால்

ஈப்போவில் இப்போதெல்லாம் நல்ல பசும்பால் கிடைப்பது லேசு இல்லை. கடைகளில் பெட்டிப் பால் அடுக்கி வைத்திருக்கிறார்கள், அது காரியத்துக்கு ஆகாது. சிம்பாங் பூலாய்ப் பக்கம் மாடு வைத்திருக்கும் ஒருவர் இன்னும் கறந்து தருகிறார். அன்று காலை நானே போய் வாங்கி வந்தேன். காய்ச்சி, ஆற வைத்து, ஆடையை எடுத்தேன். அவசரத்தில் எதையும் செய்கிற ஆள் நான் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். உயில் எழுதி வையுங்கள் என்று ஆட்களிடம் பேசுவது. கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளி, கல்யாண வீடு என்று எங்கே நாலு பேர் கூடினாலும் பேசுவேன். எங்கள் ஆட்களுக்குச் சாவைப் பற்றிப் பேசப் பயமில்லை. ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்திலேயே மரண சகாய நிதிக்கு மாதம் தவறாமல் கட்டியவர்கள். பெட்டி, மாலை, மேளம், கருமாதிச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு இருக்கும். சாகாமல் படுத்துக் கிடந்தால் யார் பார்ப்பது, எதை வைத்துப் பார்ப்பது என்று மட்டும் யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் எடுத்துச் சொன்னதில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் கூட்டம் எழுந்து போய்விடும்.

என் அம்மா நல்லம்மாள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், ரப்பர்ப் பால் எடுப்பவர். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டபோது, கம்பெனி தொழிலாளிகளுக்கு மலிவு வீடு கட்டிக் கொடுத்தது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டதால் வீடு அம்மா பெயரில் வந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவோடு அங்கேயே இருந்துவிட்டேன். தங்கை விமலா கிள்ளானில் புருஷன் பிள்ளைகளோடு இருக்கிறாள். தீபாவளிக்கு வருவாள். அம்மாவை உட்கார வைத்து நகம் வெட்டிவிடுவாள், போய்விடுவாள். அப்புறம் எங்கள் வரிசை வீடுகளில் கொஞ்ச நாளைக்கு அதே பேச்சுதான், மகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று. மற்ற மாதங்களில் அந்த நகத்தை யார் வெட்டினார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அம்மாவின் உயிலை நான்தான் ஏற்பாடு செய்தேன். வீடு எனக்கு. அம்மா மனசாரக் கைநாட்டு வைத்தார். சாட்சிகள் இருவரும் வெளியாட்கள். நீங்கள் யாரிடம் கொடுத்துப் பார்த்தாலும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

பிறகு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சு குழறியது, புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பார்த்தேன். முதுகில் புண் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஈப்போவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தேன், பழைய பங்களா ஒன்றை மாற்றி நடத்துகிறார்கள். சாப்பாடு மூக்கு வழியாக டியூப்பில். செலவை நானும் விமலாவும் பாதி பாதி ஏற்றுக்கொண்டோம். என்னால் தொடர்ந்து கட்ட முடியவில்லை. அதை மறைக்கவில்லை.

ஒருநாள் இல்லத்தின் வாசலில் வைத்து விமலா சொன்னாள்.

"அண்ணே, வீட்ட வித்துடலாம். அம்மா வீடுதானே, அம்மாவுக்கே செலவாகட்டும். உனக்கு டவுன்ல ஒரு ரூம் நான் பாத்துத் தாரேன்லா."

நியாயமான பேச்சு. வேறு யாராவது வந்து என்னிடம் யோசனை கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் உயில் எழுதுகிறவனுக்கு ஒன்று தெரியும். ஆள் இருக்கும்போதே விற்றுவிட்ட வீட்டை எந்த உயிலும் திருப்பித் தராது.

அம்மாவையே கேட்போம் என்றேன். அம்மா விட்டுத்தர மாட்டார் என்று நம்பினேன். விமலா கட்டிலில் குனிந்து, "வீட்ட வித்து ஒன்ன நல்லா பாத்துக்கலாமாம்மா?" என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவள் பக்கம் திரும்பித் தலையாட்டினார். அப்போது எனக்கு வயிறு எரிந்தது. இந்த விஷயத்தில் நான் உணர்ச்சிவசப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

தைப்பூசம் முடிந்ததும் வக்கீல் வந்து அம்மாவிடம் கைநாட்டு வாங்குவதாக இருந்தது. அதற்குள் அம்மாவுக்குச் சளிக் காய்ச்சல் வந்து, மயக்கமாகவே கிடந்தார். விமலாவுக்குப் போன் செய்து, டாக்டர் கைவிரித்துவிட்டார் என்றேன். அவள் போனிலேயே கதறினாள்.

பக்கத்து வீட்டுக் காளியம்மா அம்மாவோடு ஒன்றாகப் பால்மரம் வெட்டியவர். அவரிடம் போய், அம்மா இழுத்துக்கொண்டு கிடக்கிறார், உயிர் பிரிய மாட்டேன் என்கிறது என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை அவரே சொன்னார்.

"மண்ணாசைடா தம்பி. இந்த வீட்டுக்கு அவ எம்புட்டுப் பாடுபட்டா. இங்க கொண்டாந்து படுக்க வச்சி, வீட்டு மண்ணப் பால்ல கரைச்சு ஆளுக்கு ஒரு கரண்டி ஊத்துங்க. நிம்மதியா போயிரும்."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்றுதான் நான் காத்திருந்தேன். நானாகச் சொன்னால் நன்றாக இருக்காது.

இல்லத்தில் என்ன சொன்னேன் என்று கேட்டீர்கள். வீட்டில் ஒரு பூஜை இருக்கிறது, சாயந்திரம் திரும்ப அழைத்து வந்துவிடுவேன் என்றேன். காய்ச்சல் அதற்கு முந்தின நாளே இறங்கிவிட்டது. டாக்டர் யாரும் கைவிரிக்கவில்லை. வந்து பார்த்த டாக்டர், பாட்டி உடம்பு கெட்டி, இன்னும் பல வருஷம் இருப்பார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இல்லத்தில் கொடுத்திருந்த நம்பர் என்னுடையது மட்டும் என்பதால், விமலாவுக்கு இதெல்லாம் போய்ச் சேரவில்லை. தாதி தினேஸ்வரி வேன் வரைக்கும் வந்து சொன்னாள், "ராஜு அண்ணே, வாயில மட்டும் ஒண்ணும் ஊத்திராதீங்க. அம்மாவுக்கு முழுங்க வராது. ஒரு ஸ்பூன் தண்ணிகூட நேரா லங்ஸுக்குப் போயிரும்லா." சரிம்மா என்றேன். நல்ல பெண். அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை.

வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். முருங்கை மரத்தடியில் ஒரு பிடி மண் எடுத்து, சலித்து, பாலில் கரைத்தேன். மூக்கில் டியூப் இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். பால் ஊற்றுகிற நேரத்தில் அதைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்.

மூத்த பிள்ளை என்று முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். கரண்டியை உதட்டில் வைத்தேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். கண் நன்றாகத் திறந்திருந்தது, என்னையே பார்த்தது. கன்னத்தில் வழிந்த பாலைத் துடைத்துவிட்டேன். "மகன விட்டுப் போக மனசு வரல பாரு," என்று யாரோ அழுதார்கள்.

அடுத்தது விமலா. "அம்மா, நான் விமலா வந்திருக்கேன்" என்றாள். அம்மா எதையோ சொல்ல வாயைத் திறந்தார்.

அவள் ஊற்றினாள். அம்மா இருமினார். உள்ளே இறங்குகிறது, ஆசை தீருகிறது என்றார் காளியம்மா. அதற்குப் பிறகு அம்மாவால் வாயை மூட முடியவில்லை. ஒவ்வொருவராக வந்து ஊற்றினார்கள். கிண்ணத்தில் பால் குறையக் குறைய நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். இருமல் மெல்லமெல்லக் குறைந்தது, உதடு நீலமானது. இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

சொந்த வீட்டில், சொந்தபந்தம் சுற்றி நிற்க, வாயில் பாலோடு போவது எத்தனை பேருக்குக் கிடைக்கிறது. இல்லத்தில் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவி இருந்தார், அவரைப் பார்க்க ஒரு ஆள் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் காளியம்மா சொன்ன மண்ணாசை, அது அம்மாவிடம் இருந்ததே இல்லை. இருந்திருந்தால் அன்று தலையாட்டியிருக்க மாட்டார். இன்று உயிரோடு இருந்திருப்பார்.

சாவு வீட்டுக்கு வந்த தினேஸ்வரி விஷயம் கேள்விப்பட்டு விமலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். விமலா நேராக உங்களிடம் வந்து, தன் கையால்தான் அம்மா செத்தார், தன்னைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டாளாம். காளியம்மா முதற்கொண்டு எல்லாரும் அவளைச் சுற்றி நின்று தேற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அதனால்தான் நானாகவே வந்தேன். அந்தப் பாலை வாங்கியது நான், மண்ணைக் கரைத்தது நான், முழுங்க வராது என்று தெரிந்தே எல்லாரையும் ஊற்ற வைத்ததும் நான். அம்மாவைக் கொன்றது நான்தான். விமலா வெறும் கரண்டி பிடித்தாள். அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் எல்லாம் செய்தவன் நான், இன்ஸ்பெக்டர். இதையாவது அவள் பெயரில் எழுதிவிடாதீர்கள்.