எரியாத மை

டீ நன்றாகத்தான் இருக்கும் மேடம். நான் பால் சேர்ப்பதில்லை, அதனால்தான் தொடவில்லை. கொண்டுவந்து வைத்த கான்ஸ்டபிள் பெண்ணுக்கு மனசு கஷ்டமாக இருந்திருக்கும், அவளிடம் சொல்லிவிடுங்கள். பால், தயிர், தேன் எல்லாம் விட்டு எத்தனையோ வருஷமாகிறது. ஆரணியில் பிறந்து பட்டுப்புடவை கட்டாதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அண்ணன் கல்யாணத்துக்கே காட்டன் புடவையில் போய் நின்றேன். அண்ணி இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள், பேசும்போது. பேசுவது பொங்கலுக்குப் பொங்கல்தான்.

நீங்கள் எழுதி வைத்திருக்கும் வாக்குமூலத்தைப் படித்தேன். கையெழுத்துப் போட எனக்குத் தடை ஒன்றுமில்லை. ஆனால் அதில் ஒரு தப்பு இருக்கிறது. ஹேமலதா ஆகிய நான், என் கம்பெனியின் கண்மையை என் வீட்டில் தங்கி வேலை செய்த அன்புச்செல்வியின் கண்ணில் சோதித்துப் பார்த்ததால் அவளுக்குப் பார்வை போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பேப்பரிலும் அப்படியே போட்டிருக்கிறார்கள், டப்பாவின் படத்தோடு. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது இதுதான். அந்த மை யார் கண்ணையும் ஒன்றும் செய்யாது. இதைத் திருத்தத்தான் வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்ததும் வெளியூரில் ஒரு லேபில் வேலை கிடைத்தது. கண்ணில் படக்கூடிய ஷாம்பு, மை, க்ரீம் எல்லாவற்றையும் அப்போது முயலின் கண்ணில் விட்டுப் பார்ப்பார்கள். முயலுக்கு நம்மைப் போலக் கண்ணீர் பெருகாது; விட்டது விட்டபடி உள்ளேயே நிற்கும். தலை மட்டும் வெளியே தெரிகிற பெட்டியில் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஒரு கண்ணில் மருந்து, மற்றது சும்மா, ஒப்பிட்டுப் பார்க்க. எவ்வளவு சிவந்தது, எவ்வளவு வெளுத்தது என்று டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. ஒரு நாள் அது என்னால் முடியவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போவதுபோல வெளியே வந்தேன், பஸ் ஏறி ஆரணிக்கே வந்துவிட்டேன்.

இங்கே வீடு இருந்தது. அப்பா அம்மா போய்விட்டார்கள், அண்ணன் பெங்களூரில் புடவைக் கடை வைத்துவிட்டான். பக்கத்து வீடுகளில் விடிந்ததிலிருந்து பவர்லூம் ஓடும். பலருக்கு அந்தச் சத்தம் பேஜார். எனக்கு அது துணை. அமாவாசைக்குத் தறியை நிறுத்துவார்கள் பாருங்கள், அன்றைக்குத்தான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரியும். அந்த நாட்களில் மிக்ஸியில் ஒன்றும் போடாமல் வெறுமனே ஓட விட்டிருக்கிறேன். சிரிக்க வேண்டாம். ஒரு வீட்டில் சத்தம் இல்லாமல் இருப்பது என்னவென்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பட்டுநூலுக்குச் சாயம் ஏற்றுவதற்கு முன் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். நூல்மேல் இருக்கிற பசை அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். எல்லோரும் அதைச் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். அந்தப் பசை தோலுக்கு நல்லது. வெளிநாட்டுக்காரன் அதை விலை கொடுத்து வாங்குகிறான். நான் குடத்தில் பிடித்து வந்து, பிரித்தெடுத்து, முதலில் க்ரீம் செய்தேன், பிறகு கண்மை. பட்டுப்புழு பாவம் இல்லையா என்று கேட்பீர்கள். புழு செத்தது எங்கேயோ. என் வாசலுக்கு வருவது தண்ணீர்தான்.

சென்னையில் ஹேமநாத் என்று ஒரு ஏற்றுமதி ஏஜெண்ட். மையைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. பட்டுப் பசை இருப்பதால் அழுதாலும் கரையாது. ஆனால் அவர் சொன்ன யோசனை எனக்குப் பிடிக்கவில்லை.

"யூரோப்புல விலங்கு மேல டெஸ்ட் பண்ண சரக்கை விக்கவே வுடமாட்டாங்க மேடம். இன்னொரு நாட்டுல சில ஐட்டத்துக்கு விலங்கு மேல டெஸ்ட் பண்ணாதான் உள்ளயே வுடுவாங்க. ரெண்டு பேர்ல ரெண்டு டப்பா போட்டுக்கலாங்க. இதுல விலங்கைத் தொடலன்னு காட்ற முயல் படம், அதுல டெஸ்ட் ரிப்போர்ட்டு. அந்த ஊர் லேப்புலயே முடிச்சிக்குவாங்க, நம்ம கண்ணுல கூட படாது."

நான் முடியாது என்றேன். நம் கண்ணில் படாவிட்டால் முயலுக்கு எரியாதா என்று கேட்டேன். பெரிய ஆர்டர் மேடம் என்றார். போகட்டும் என்றேன். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஐரோப்பாவுக்கு மட்டும் அனுப்புவது என்று முடிவானது. அங்கேயும் கண்ணுக்குக் கெடுதல் இல்லை என்று காட்ட வேண்டும், விலங்கைத் தொடாமல். வளர்த்த செல்களில் செய்கிற பெரிய லேப் சோதனை இருக்கிறது. அதற்கு அனுப்புவதற்கு முன்னால் மை சரியாக இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அப்போதுதான் அன்புச்செல்வி வந்தாள்.

சந்தவாசல் பக்கத்துப் பெண். அம்மா இல்லை. அண்ணன் குணா களம்பூர் ரைஸ் மில்லில் லோடு வண்டி ஓட்டுகிறான். டப்பாவில் லேபிள் ஒட்டுகிற வேலைக்கு வந்தாள். ஒரு மழை நாளில் பஸ் வரவில்லை, என் வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். பிறகு அப்படியே தங்கிவிட்டாள். எங்கள் தெருவில் அவர்கள் ஆட்களை உள்ளே விடமாட்டார்கள். நான் அவளுக்குத் தனி டம்ளர் வைத்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் மேடம் என்றாள், பிறகு அக்கா. டிவி பார்த்துக்கொண்டே சமைப்பாள், சீரியலில் வருகிற மாமியாரைத் திட்டுவாள். அமாவாசை வந்து போவதே எனக்குத் தெரியாமல் போனது.

காலையில் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்காருவாள். மோவாயை என் உள்ளங்கையில் வைத்து முகத்தைத் தூக்கிக் காட்டுவாள். மோதிர விரலால் மை இழுத்துவிடுவேன். யாருடைய முகமும் என் கைக்கு அவ்வளவு அருகில் வந்ததில்லை மேடம். வலது கண்ணுக்கு என் மை, இடது கண்ணுக்குக் கடை மை. இரண்டும் ஒன்று என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவள் சம்மதம் கேட்டீர்களா என்கிறீர்கள். மை வைக்கட்டுமா என்று தினமும் கேட்டேன். வையுங்க அக்கா என்று தினமும் சொன்னாள்.

உங்கள் கண்ணிலேயே வைத்துப் பார்த்திருக்கலாமே என்றும் கேட்டீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டால் அதை டார்ச் அடித்துப் பார்ப்பது யார்?

முதலில் செய்த மை எரிந்தது. பசையிலிருந்து சோடா முழுக்கப் போகவில்லை.

"இன்னாக்கா, மொளகா வெச்ச மாரி எரியுது. தண்ணியா ஊத்திகினே இருக்குது."

"சூடு இறங்குதுடி. எரிஞ்சாதான் கண்ணு குளுமையாவும்."

நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்வதுதானே இது. மை வைத்துக் கண்ணில் நீர் வழிந்தால் சூடு இறங்குகிறது என்று சந்தோஷப்படுவார்கள். அவளும் நம்பினாள். அண்ணனிடம் போனில், "எனக்கு ஒடம்புல சூடு ஜாஸ்தி, அக்கா மை வெச்சி எறக்கிகினு இருக்காங்க" என்று சொன்னாள். கண் சிவந்து லேசாகப் புகை படர்ந்ததும் நான் நிறுத்திவிட்டேன். சில நாட்களில் தெளிந்துவிட்டது. பசையை மறுபடி மறுபடி அலசிப் புது மை செய்தேன். அது எரியவில்லை. இரண்டு கண்ணிலும் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, சினிமாக்காரி மாதிரி இருக்கேனா அக்கா என்று கேட்டாள். அந்தப் புது மைதான் லேபுக்குப் போனது, தேறியது, கப்பலேறியது. டப்பாமேல் இருக்கிற முயல் படத்தில் பொய் இல்லை. இந்த இடத்தைத்தான் நீங்கள் குழப்பிவிட்டீர்கள். சோதனை அதோடு முடிந்தது. அன்றைக்கு அவள் இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன.

பிறகு குணா வந்தான். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் தங்கச்சிக்கு வேலை கிடைத்திருக்கிறது, ஹாஸ்டல் உண்டு, கம்பெனி வேன் உண்டு என்றான். கண் பரிசோதனை மட்டும் பாக்கி. சின்னச் சின்ன சாமான் பொருத்துகிற வேலை, பார்வை சரியாக இருக்க வேண்டுமாம். அன்புச்செல்வி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். எனக்கும் சந்தோஷம் என்று சொன்னேன். நீ போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று கேட்டிருக்கலாம். எனக்கு அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை.

முதலில் செய்த மை ஒரு பாட்டிலில் மிச்சம் இருந்தது. மறுநாள் காலையில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தபோது அதைத்தான் எடுத்தேன்.

"அக்கா, சோப்பு வாசனை அடிக்குது. அந்தப் பழைய மையா இது?"

"உனக்கு மூக்கடைப்பு. சும்மா இருடி, ஆடாத."

ஆடாமல் இருந்தாள். வலது கண்ணுக்கு மட்டும்தான் வைத்தேன். பரிசோதனையில் தேறாமல் போனால் போதும், வேறொன்றும் நினைக்கவில்லை. தேறவில்லை. கம்பெனி வாசலிலிருந்து திரும்பி வந்தவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கஞ்சி காய்ச்சி நானே ஊட்டினேன். அந்த வாரம் போல ஒரு வாரம் என் வாழ்க்கையில் கிடையாது. நிறுத்தினால் முன்பு போலத் தெளிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் நிறுத்தவில்லை. குணா வேலூருக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்றான். நானே காட்டுகிறேன் என்றேன். உள்ளூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய், சுண்ணாம்பு தெறித்துவிட்டது என்று சொன்னேன். அவர் கொடுத்த சொட்டு மருந்தையும் நானே விட்டேன். முன்னால் மருந்து, கொஞ்ச நேரம் கழித்து மை, அதுவும் டாக்டர் கொடுத்ததுதான் என்று அவளிடம் சொல்லி.

குணா விடுகிற ஆள் இல்லை. தை முடிவதற்குள் மறுபடி வந்தான்.

"ஒரு கண்ணு போனா இன்னாங்க மேடம், இன்னொண்ணு கீதே. செய்யாறு பக்கம் ஷூ கம்பெனில பேசிட்டேன். ஜல்தியா வரச் சொல்றாங்க. மாப்ள ஒருத்தனும் பாத்துகினு இருக்கேன்."

நல்ல அண்ணன். எனக்கு அப்படி ஓர் அண்ணன் இல்லை. அவன் சொன்னது சரிதான். ஒரு கண் இருந்தால் பஸ்ஸில் போர்டு படிக்கலாம், ஏறிப் போய்விடலாம். அதனால் இடது கண்ணுக்கும் வைத்தேன்.

இதுதான் நடந்தது. இப்போது எழுதிக்கொள்ளுங்கள்: கம்பெனி மையால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்புச்செல்வியின் இரண்டு கண்ணையும் நான், ஹேமலதா, முழு நினைவோடு, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தேன். சோதனைக்காக இல்லை, அவள் போகக் கூடாது என்பதற்காக.

அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. கையைப் பிடித்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போனேன், தலை பின்னிவிட்டேன், சீரியலில் யார் என்ன முகம் காட்டுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நான் சென்னைக்குப் போன ஒரு நாளில் குணா வந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். தூக்கிக்கொண்டுதான் போயிருப்பான், அவளாக அவன் கூடப் போயிருக்கமாட்டாள். என் கையைத் தவிர வேறு கை பிடித்து அவளுக்கு நடக்கத் தெரியாது.

புகார் கொடுத்தது குணா இல்லை, அன்புச்செல்விதான் என்கிறீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து தன் வாயாலேயே சொல்லி, தன் கையாலேயே கையெழுத்துப் போட்டாள் என்கிறீர்கள். போட்டிருப்பாள், குழந்தை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? படித்துச் சொல்ல நான் பக்கத்தில் இல்லையே மேடம்.