வீடியோவில் விழாத முகம்

ஒரே டிரைபாடில் இரண்டு கேமராக்களை மாட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, மேடம். ஒரு முழ நீளத்துக்குக் கெட்டியான அலுமினியப் பட்டை வேண்டும். இரண்டு முனையிலும் துளை போட்டுத் திருகாணி வைத்துவிட்டால் ஒரு பக்கம் வீடியோ கேமரா, மறுபக்கம் ஸ்டில் கேமரா. எடை கூடிய பக்கம் சாயும் என்பதால் பட்டையைக் கொஞ்சம் நகர்த்தி மாட்ட வேண்டும். கீழே ஒரு மணல் பையைத் தொங்கவிட்டால் காற்றுக்கு ஆடாது. உங்கள் கான்ஸ்டபிள்கள் அதைக் கழற்றியபோது திருகாணியை முரட்டுத்தனமாகத் திருகினார்கள். பரவாயில்லை.

எதற்கு இரண்டு என்று கேட்டீர்கள். என் தம்பியும் அதையேதான் கேட்டான்.

அவன் உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பவன். கூட வேலை செய்பவர்கள் 'பல்லி' என்று கூப்பிடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திரும்புவான். அவனுடைய முதலாளிக்குக் கம்பெனி விளம்பரத்துக்காக ஒரு வீடியோ தேவைப்பட்டது. தம்பிதான் என் ஸ்டூடியோவைச் சிபாரிசு செய்து, என்னை அவர் அறைக்குக் கூட்டிப்போனான். வீடியோவோடு ஸ்டில் படங்களும் எடுத்துத் தருகிறேன் என்று நான் சொன்னேன். முதலாளி யோசிப்பதற்குள் தம்பி குறுக்கே விழுந்தான்.

"எதுக்குண்ணா ரெண்டு? வீடியோவை நிறுத்தி, நல்லா இருக்கற இடத்துல ஒரு படம் உருவிக்கிட்டா போச்சு. இப்ப யாரு உன்னை மாதிரி டிக்கு டிக்குனு அமுக்கிட்டு உட்கார்ந்திருக்கா?"

முதலாளி சிரித்தார். வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் மறந்துபோகிறவன். எங்கள் வீட்டில் மனசில் வைத்துக்கொள்கிறவன் நான்தான்.

அன்று கடைக்குத் திரும்பியதும் பட்டைக்குத் துளை போட்டேன். ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே நொடி. வீடியோவில் இருப்பதையும் ஸ்டில்லில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். என் திட்டம் அவ்வளவுதான். அதில் தப்பாக ஒன்றும் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடியில் டிரைபாடை நிறுத்தினேன். நடுவில் ஒரு குறுகலான தெரு. தம்பி ஹெல்மெட்டுக்குள் இயர்போன் மாட்டியிருந்தான்; என் போன் ஸ்பீக்கரில் இருந்தது. முதலில் எடுத்ததெல்லாம் நன்றாகவே வந்தது. ஆனால் நிழலில் இருந்தான். கட்டடத்தின் மூலையில் மட்டும் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"அந்த மூலைக்குப் போடா. முகம் பளிச்சுனு இருக்கும்" என்றேன்.

"ஐயோ அண்ணா, மறுபடியும் மேல ஏறி எல்லாத்தையும் அவுத்து மாட்டணும். நாக்குத் தள்ளிடும்."

"வெயில் போயிடும். சீக்கிரம்."

அவன் போனான். பெரியவன் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டே செய்துவிடுவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மேலே மாடி விளிம்புக் கம்பியில் கயிற்றின் கொக்கியை மாட்டிக்கொண்டு அந்த மூலையில் இறங்கினான். இவர்கள் இரண்டு கயிற்றில் தொங்குவார்கள். ஒன்று வேலை செய்ய. இன்னொன்று, முதல் கயிறு கைவிட்டால் தாங்கிக்கொள்ள. அந்த இரண்டாவது கயிறு அவன் முகத்துக்குக் குறுக்கே தொங்கியது.

"அந்தக் கயிறு படத்தைக் கெடுக்குதுடா. ஒரு நிமிஷம் அவுத்து விடேன்."

"முதலாளி பார்த்தா தோலை உரிச்சிடுவாரு."

"ஒரே ஒரு படம்."

"உன்னோட ரோதனைதாண்ணா" என்று சிரித்தான். அவிழ்த்து விட்டான்.

அதன் பிறகுதான் வீடியோவை மறுபடி ஓடவிட்டேன். அதனால்தான் இந்தப் பேச்செல்லாம் உங்களிடம் இருக்கும் பதிவில் இல்லை. நான் சொன்ன கடைசி வார்த்தை மட்டும் இருக்கிறது: "காலால சுவரை ஓங்கி உதைச்சு வெளிய வா, என்னைப் பாரு." என் குரல் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்று கவனித்திருப்பீர்கள். அவன் உதைத்தான். மேலே இருந்த கொக்கி கழன்றது. கீழே தெருவில் யாரோ ஒரு பெண் கத்தினாள்.

உங்கள் ஸ்டேஷனில் வீடியோவை நானே கொண்டுவந்து கொடுத்தேன். ஸ்டில் கேமரா அன்று வேலை செய்யவில்லை என்றேன். எல்லோரும் நம்பினார்கள். முதலாளி என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார். தம்பி அவசரத்தில் கொக்கியைச் சரியாகப் பூட்டவில்லை, இரண்டாவது கயிற்றையும் அலட்சியமாக விட்டுவிட்டான் என்று முடிவாயிற்று. நீங்கள் மட்டும்தான் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தீர்கள்.

ஒரே டிரைபாடில் இரண்டையும் மாட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. ஸ்டில் கேமராவை அழுத்தினால் பட்டை லேசாக அதிரும். பக்கத்தில் ஓடும் வீடியோ ஒரு துடிப்புத் துடிக்கும். கண்ணுக்குப் பழகினால்தான் தெரியும். அதிர்ச்சியில் கை பட்டிருக்கும் என்று உங்களிடம் சொன்னேன்.

"அதிர்ச்சியில கை பட்டிருந்தா, அவர் விழுந்ததுக்கு அப்புறம்தானே ஆடணும்? இது ஏன் முன்னாடியே ஆடுது?" என்று கேட்டீர்கள்.

நல்ல கேள்வி. நல்ல படத்துக்கு முன்னாலேயே அழுத்த வேண்டும், மேடம். நடந்த பிறகு அழுத்தினால் நடந்துமுடிந்ததுதான் கிடைக்கும்.

ஸ்டில் கேமராவில் தூரத்து லென்ஸ் போட்டிருந்தேன். மூலையில் மாட்டிவிட்டு அவன் இறங்கத் தொடங்கியபோது, ஃபோகஸ் பார்ப்பதற்காக அவன் கட்டடத்தின் மாடி விளிம்பை ஒருமுறை பார்த்தேன். கொக்கியின் வாய் திறந்திருந்தது. நுனி மட்டும் கம்பியில் தொற்றிக்கொண்டு நின்றது. அவன் அசையாமல் தொங்கும்வரை அது அப்படியே நிற்கும் என்று தெரிந்தது. உதைத்தால் நிற்காது என்றும் தெரிந்தது. போன் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. "கொக்கியைப் பாருடா" என்று சொல்ல ஒரு மூச்சுகூட வேண்டாம்.

இரண்டாவது கயிற்றை அவிழ்க்கச் சொன்னது அதற்குப் பிறகுதான். முன்னால் இல்லை. நீங்கள் என் வாயால் கேட்க விரும்பியது இதுதான் என்று நினைக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. அதைத் தயவுசெய்து கோபம் என்று எழுதாதீர்கள். வீடியோவையும் என் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உங்களுக்கே புரியும். வீடியோவை எங்கே நிறுத்தினாலும் அந்த இடத்தில் ஒரு மங்கலான கோடுதான் இருக்கிறது. அது மனிதனா மூட்டையா என்று சொல்ல முடியாது. என் படத்தில் அவன் இருக்கிறான். கயிறு தளர்ந்ததை உடம்பு உணர்ந்துவிட்டது, இன்னும் விழத் தொடங்கவில்லை. இமை மயிர்கூட ஒவ்வொன்றாகத் தெரிகிறது. வாய் 'அண்ணா' என்று திறந்திருக்கிறது.

அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டுவதாக இருக்கவில்லை. ஆனால் சுவரில் மாட்ட ஒரு நல்ல படம் வேண்டும் என்று அம்மா கேட்டார். தம்பியின் மனைவி கொடுத்த படங்களில் அவன் ஒன்றில் கண்ணை மூடியிருந்தான், ஒன்றில் பாதி முகம்தான் இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அவனுடைய படங்களில் நன்றாக வந்தது அது ஒன்றுதானே. கழுத்துக்குக் கீழே வெட்டி, கயிறு தெரியாமல் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொண்டுபோனேன். விசாரிக்க வந்தபோது அம்மா வீட்டுக் கூடத்தில் நீங்கள் பார்த்தது அதுதான். அவன் தலையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்ததும் அது அன்றைக்கு எடுத்த படம் என்று உங்களுக்குப் பொறிதட்டியது. அதை நான் வெட்டியிருக்க வேண்டும்; ஆனால் நெற்றியில் வெயில் அவ்வளவு அழகாக விழுந்திருந்தது.

படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு நான் இறங்கியபோது அம்மா கண்ணாடியைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

"உயிரோட நிக்கற மாதிரியே இருக்குடா. யாரைப் பார்த்து இப்படிப் பார்க்கறான்?"

"என்னைத்தாம்மா" என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவன் விழுந்ததும் ஏன் கீழே இறங்கி ஓடவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். தெருவில் இருந்த எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், மேடம். நான் திருப்பவில்லை. என் தம்பியைக் கடைசிவரை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.