அம்பரீன் கையில் வளையல் ஏறிய கதை

அவையை ஆளும் தலைவர் வேலாயுதம் ஐயா அவர்களே! ஆம்பூரின் சந்தும் அறிந்த, சங்கடமும் அறிந்த பெரியோர்களே! சந்தனம் துலங்கும் கன்னமும் வளையல் குலுங்கும் கரமுமாய் வீற்றிருக்கும் கர்ப்பிணித் தாய்மார்களே! அவர்களை அழைத்து வந்த அம்மாக்களே, மாமியார்களே! வாசலோரம் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டிருக்கும் கணவன்மார்களே! அனைவருக்கும் என் வணக்கம், சலாம்.

நான் இந்த ஊரில் குடியிருந்து வேலூரில் உயிரியல் பாடம் நடத்துகிறவள். இந்தச் சமுதாய வளைகாப்பில் வாழ்த்திப் பேச அழைத்திருக்கிறார்கள். வாழ்த்து எனக்கு அவ்வளவாக வராது. விஷயம் சொல்ல வரும். யாரது அங்கே, "சாப்பாடு எப்பக்கா?" என்பது? ஐந்து வகைச் சாதமும் மூடித்தான் இருக்கிறது தம்பி, ஆறாது.

என் பக்கத்து வீட்டுக்காரர் அம்பரீன். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறவர். அவருக்கு முடக்குவாதம். விடிந்தால் விரல் மடங்காது, மணிக்கட்டு வீங்கும். மெஷினிலிருந்து எழுப்பி, நூல் பிசிறு வெட்டும் மேஜைக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் கருவுற்றார். மாதம் ஏற ஏற வலி இறங்கியது. மறுபடி மெஷினில் உட்கார்ந்தார். இதே மண்டபத்தில், முன்பு எந்த வளையலும் ஏறாத அந்தக் கையில் கண்ணாடி வளையல் வழுக்கிக்கொண்டு ஏறியது.

மாமியார் பில்கிஸ் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "புள்ள வர்றப்பவே நோயத் தூக்கிட்டுப் போய்டுச்சு! இனிமே ஆஸ்பத்திரி இன்னாத்துக்கு?" என்று தெருவெல்லாம் சொன்னார். அதுவரை காட்டிவந்த மூட்டு டாக்டரை அத்தோடு மறந்தார்கள். தப்பு அங்கேதான் நடந்தது.

ஏறியது வளையலின் மகிமையா? பிள்ளையின் ராசியா? இல்லை தாய்மாரே, இல்லை! கம்பெனி வாசலில் காவலர் நிற்கிறார் அல்லவா? உடம்புக்குள் நோய் எதிர்ப்பு செல்கள் அப்படி நிற்கின்றன. அந்நியர் வந்தால் அடிக்கும். முடக்குவாதத்தில் அவை ஆள் தெரியாமல் சொந்த மூட்டையே அடிக்கின்றன. அந்த அடியில் வருவதுதான் அழற்சி, வீக்கம், வலி. கருவில் வளரும் பிள்ளையோ பாதி தாய், பாதி தகப்பன். காவலர் கண்ணுக்குப் பாதி அந்நியர்! அடிக்கலாமா? அடித்தால் பிள்ளை நிற்குமா?

அதனால்தான் கர்ப்பத்தில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெருகுகிறது, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பெருகுகிறது. அடிக்கிற செல்களின் வேகம் தணிகிறது. அவற்றை அடக்கி வைக்கும் செல்கள் கூடுகின்றன. காவல் தூங்கவில்லை, நிதானமாகிறது. பிள்ளைக்காக வந்த அந்த நிதானத்தில் பல தாய்மாருக்கு மூட்டும் இளைப்பாறுகிறது. எல்லாருக்கும் அல்ல! சில நோய்கள் கர்ப்பத்தில் கூடவும் செய்யும். ஆகவே நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டு நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்.

பிள்ளை பிறந்தது. நஞ்சுக்கொடி வெளியே வந்தது, ஹார்மோன் சரிந்தது. சில வாரங்களில் காவலர் பழைய குணத்துக்குத் திரும்பினார். அம்பரீனின் மணிக்கட்டு வீங்கி, கையில் மிச்சமிருந்த வளையலை உடைத்துத்தான் எடுத்தார்கள். மாமியாரும் மருமகளும் பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது:

"இன்னாம்மா இது? வயித்துல புள்ளயோட மெஷின் ஓட்டுன கை, பொறந்த புள்ளைக்கு ஒரு ஜப்லா நாடா கட்டாதா? நடிப்பு ஜாஸ்தி!"

"அம்மீ, சத்தியமா விரல் மடங்கல. புள்ளய நழுவ விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு. நீங்களே வெச்சிக்கோங்க, நான் தூக்கல."

பெற்ற பிள்ளையைத் தூக்கப் பயந்தாள் ஒரு தாய்! எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில் வீக்கம் வடியுமா? நேரே போய், இப்போது உங்களுக்குச் சொன்னதையே பில்கிஸ் அம்மாவிடம் சொன்னேன். மறுநாளே மருமகளை டாக்டரிடம் கூட்டிப்போனார். மருந்து வேலை செய்ய நாளானது. அதுவரை அந்தக் குழந்தை அம்மா மடியில் படுத்ததே தவிர, அம்மா கையில் ஏறவில்லை.

இன்று அம்பரீன் மூன்றாம் வரிசையில் இருக்கிறார், இரண்டாம் பிள்ளையைச் சுமந்துகொண்டு. அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். சற்று முன் அவர் கையில் வளையல் மறுபடி வழுக்கிக்கொண்டு ஏறியது. ஏறிவிட்டது, இனி என்ன கவலை? சொல்லுங்கள் தாய்மாரே, இனி என்ன கவலை?

அதோ, பில்கிஸ் அம்மாவே எழுந்துவிட்டார். மைக் வேண்டுமா அம்மா? வேண்டாமாம்.

"இன்னா கவலையா? வளையல நம்பி ஒரு தடவை பேஜாரானது போதும்மா! புள்ள பொறந்ததும் வர்றோம்னு மூட்டு டாக்டர்கிட்ட இப்பவே சொல்ட்டேன். கை வலிச்சா வலிக்குதுன்னு சொல்லட்டும், நான் நம்புறேன். நாடா கட்டுறது, துணி மாத்துறது எல்லாம் நான் பாத்துக்குறேன். இந்தத் தடவை புள்ளய அவ தூக்கணும்!"

கைதட்டுங்கள் தாய்மாரே, எனக்கல்ல, அவருக்கு! நான் சொல்ல வந்ததை அவர் சொல்லி முடித்துவிட்டார். பொறுமையாய்க் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி, சாதம் காத்திருக்கிறது. வணக்கம், சலாம்.